நல்லுறவு மன்றமும் ஒரு சாப்பாட்டு அறைச் சுவரும்

பஃபலோ நகர உள்ளலங்கார, வண்ணப்பூச்சு நல்லுறவு மன்றத்தின் விசாரணைக்கு அன்று வந்திருந்தவர்கள் இவர்கள். நீள மேசையின் தலைமாட்டில், தலைக்கு மேலும் ஒரு சாண் முதுகு உயர்ந்த நாற்காலியில், தலைவர் விட்கோம்ப் சேயர். அவருக்கு வலப்புறம் நல்லுறவு அலுவலர் லொரெய்ன் பிக்கெட். அவர் முன்னால் பல நிறங்களில் பேனாக்கள். இடப்புறம் மன்ற உறுப்பினர்கள் வரிசையாக. அவர்களில் மூத்தவர், தூங்கினால் சாய்ந்துகொள்ள வசதியாகத் தூணோரம். சன்னலை ஒட்டிப் புகார் கொடுத்த திருமதி கிளெண்டா ஆஸ்ட்லி. மேசையின் பக்கவாட்டில் ஒரு கோடியில், வீட்டு அலங்காரத்தைத் தொழிலாகச் செய்யும் மார்னி ஹாலொரன். மறு கோடியில், பிளாஸ்டிக் தாள் சுற்றிய நாற்காலியில், பெயின்டர் ரே டொம்பெக்.

பிளாஸ்டிக் தாள் விதிப்படி சுற்றப்பட்டது. வண்ணப்பூச்சாளர் அமரும் இருக்கை கறைபடாமல் காக்கப்பட வேண்டும் என்று விதி சொல்கிறது. ரே அன்று மைத்துனன் சாவுக்குப் போட்டுப் போன கறுப்புக் கோட்டைச் சலவை செய்து போட்டு வந்திருந்தான். நகக்கண்ணைக்கூட டர்பன்டைன் விட்டுத் தேய்த்திருந்தான். விதிக்கு அதெல்லாம் தெரியாது. அவன் மூச்சு விடும்போதெல்லாம் தாள் சரசரத்தது. லொரெய்ன் பச்சைப் பேனாவை எடுத்து, “முதல் தரப்பு ஓசை எழுப்புகிறது” என்று குறித்துக்கொண்டார்.

கூட்டம் வழக்கம்போலச் சுவர் தரிசனத்தோடு தொடங்கியது. மன்றத்தின் மேற்குச் சுவரில் எந்தச் சாயமும் கலக்காத வெள்ளை பூசியிருக்கும். எல்லோரும் எழுந்து நின்று, பழைய பார்வைகள் கண்ணை விட்டுப் போகும்வரை அதையே பார்க்க வேண்டும். ரேயும் பார்த்தான். மேல் மூலையில் ரோலர் எட்டாமல் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. மறு கோடியில் மார்னியும் அதே மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது அவனுக்குத் திரும்பாமலே தெரிந்தது. சிரிப்பு வந்தது. இருமிச் சமாளித்தான். பச்சைப் பேனா மறுபடியும் ஓடியது.

நடந்தது இவ்வளவுதான். ஜனவரியில் ஆஸ்ட்லி வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு நிறம் பார்த்தார்கள். அதற்கு மார்னியும் ரேயும் ஒரு முறை வைத்திருந்தார்கள். கடையில் கொடுக்கும் நிற அட்டையை நம்பமாட்டார்கள். கதவகலத்துக்குப் பெரிய சாம்பிள்களைச் சுவரிலேயே அடித்துவிட்டு, காலையிலும் மத்தியானத்திலும் விளக்குப் போட்ட பிறகும் வந்து, கவிழ்த்துப் போட்ட வாளிகளின் மேல் அருகருகே உட்கார்ந்து பார்ப்பார்கள். பேசமாட்டார்கள். யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டால் அந்த நிறம் போயிற்று. இருவரும் ஒரே நேரத்தில் காபியை எடுத்துக் குடித்தால் அதுதான் நிறம்.

அப்படித்தான் புகை மாதிரியான ஒரு நீலம் தேறியது. அப்போது சன்னலுக்கு வெளியே இடுப்பளவு பனி கிடந்தது. ஈரி ஏரிக் காற்று அந்த வருஷம் நகரத்தையே பனியால் மூடிவைத்திருந்தது. பனியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் அறைக்குள் நீலமாக நிறைந்திருந்தது. ஏப்ரலில் பனி கரைந்தது. மே மாதம் புல் தழைத்தது. புல்லில் பட்ட வெளிச்சம் உள்ளே வந்ததும் நீலச் சுவர் பட்டாணி சூப் நிறத்துக்கு மாறி நின்றது. பனிக்காலத்தில் நிறம் பார்ப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. சாம்பிளில் பனியும் கலந்திருந்ததை இருவருமே மறந்துபோனார்கள்.

வேறு வீடாக இருந்தால் மார்னி ஃபோன் பண்ணி, “ரே, நம்ம நீலத்துக்கு மஞ்சக்காமாலை வந்திருச்சுப்பா” என்று சொல்லியிருப்பாள். “சனிக்கிழமை வந்து அடிச்சிடறேன்” என்று அவன் சொல்லியிருப்பான். அத்தோடு போயிருக்கும். ஆனால் திருமதி ஆஸ்ட்லியின் குளிர்பெட்டிக் கதவில் மன்றம் இலவசமாகக் கொடுத்த காந்த வில்லை ஒட்டியிருந்தது. “நல்லுறவுக்கு எங்களை அழையுங்கள்” என்று அதில் எழுதியிருந்தது. அவர் அழைத்துவிட்டார்.

“இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது யாரு?” என்று சேயர் கேட்டார்.

“நாங்கதான் சார்.”

சேயர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “மிஸ்டர் டொம்பெக், ‘நாங்க’ங்கிற பேர்ல எங்க பதிவேட்டுல உறுப்பினர் யாரும் இல்லை.”

“நானும் மார்னியும் சார்.”

“கண்ணு டிசைனரோடது. கை பூச்சாளரோடது. நடுவுல ஒரு கௌரவமான தூரம். அந்தத் தூரத்துக்குப் பேர்தான் நல்லுறவு. அதைக் காப்பாத்தத்தான் இந்த மன்றமே இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல வாளி போட்டு உட்கார்ந்திருந்ததா மேடம் சொல்றாங்க.”

“நின்னுக்கிட்டே இருந்தா முட்டி வலிக்குது சார்.”

“வாளி யாரோடது?”

மார்னி குறுக்கிட்டாள். “வாளி அவனோடது. காபி என்னோடது. தப்பும் என்னோடது. எழுதிக்கங்க, வீட்டுக்குப் போலாம்.”

“தப்பு என்னுது சார். அவ பேச்சைக் கேக்காதீங்க.”

சேயர் இருவரையும் இரக்கத்தோடு பார்த்தார். “ஒப்புதலை மன்றம் ஏத்துக்கறதில்லை. ஒருத்தர் தன் மேலயே குத்தம் சொல்லிக்கிட்டா அதுல உறவு எங்க இருக்கு? இன்னொருத்தர் மேல சொன்னாத்தான் ரெண்டு தரப்பு. ரெண்டு தரப்பு இருந்தாத்தான் நல்லுறவு.”

மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின. தூணோரத்து உறுப்பினரும் தூக்கத்திலேயே ஆட்டினார்.

“எனக்குச் சுவரைத் திரும்ப அடிச்சுக் குடுத்தாப் போதும்,” என்றார் திருமதி ஆஸ்ட்லி. “நாங்க சமையல்கட்டுல உட்கார்ந்து சாப்பிடறோம்.”

“அது வேற விஷயம் மேடம்,” என்றார் சேயர். “சுவர் இப்ப சாட்சி. யாரும் தொடக்கூடாது.”

பிறகு தீர்ப்புக்கு முந்திய ஆணை வாசிக்கப்பட்டது. ஜூன் மாதம் முடிவதற்குள் இருவரில் ஒருவர் மற்றவர் மேல் குற்றச்சாட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும், சாட்டியவருக்கு ஒன்றுமில்லை. யாரும் எழுதாவிட்டால் மன்றம் சும்மா இருந்தது என்ற கெட்ட பெயர் வரும். ஆகையால் இரண்டு பெயர்களும் நீக்கப்படும். அதுவரை இருவரும் நேரில் பேசக்கூடாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் லொரெய்ன் வழியாகப் போக வேண்டும்.

ரே படியிறங்கும்போது தன் பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெயர் போனால் கையும் சேர்ந்து போய்விடாது. தெரிந்தவர்கள் வீட்டு வண்டிக் கொட்டகையும் மாதா கோயில் கூடமும் அடிக்கப் பதிவு வேண்டியதில்லை. மார்னியின் கதை வேறு. புருஷன் டோனல் செத்த பிறகு அவள் பல மாதம் ஃபோனையே எடுக்கவில்லை. வாடிக்கையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோனது. இப்போதுதான் செயின்ட் ஹெட்விக் முதியோர் இல்லம் முழுக் கட்டடத்தையும் அவளிடம் ஒப்படைக்கச் சம்மதித்திருந்தது. பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. இது போனால், காலையில் எழுந்து போவதற்கு அவளுக்கு வேறு இடமில்லை.

அந்த வாரமே லொரெய்ன் ஃபோன் செய்தார். “இரண்டாம் தரப்பு, முதல் தரப்பின் மூட்டுகளின் செயல்நிலை குறித்து வினவுகிறது.”

ரேக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “முட்டி எப்படி இருக்குன்னு கேக்கறாளா?”

“நான் படிச்சதுதான் செய்தி, மிஸ்டர் டொம்பெக்.”

“பரவால்லைன்னு சொல்லுங்க.”

“முதல் தரப்பு குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் தெரிவிக்கவில்லை,” என்று எழுதிக்கொண்டே சொன்னார் லொரெய்ன்.

அடுத்து மன்றம் சுவரைப் பார்வையிடப் போனது. அன்று மழை. உறுப்பினர்கள் குடையை மடக்காமலே அறைக்குள் நின்று பார்த்து, சுவரின் நிறம் எது என்று வாக்கெடுத்தார்கள். நீலம் வென்றது. திருமதி ஆஸ்ட்லி, “வெயில் வரட்டும், பச்சையாத் தெரியும்” என்றார். வாக்கெடுப்பு முடிந்தபின் நிறம் மாற விதியில் இடமில்லை என்று சொல்லப்பட்டது. மறுநாள் வெயில் அடித்தது. சுவர் விதியை மீறிப் பச்சையாகத்தான் இருந்தது.

ஆகவே ஜனவரி மாதத்தைத் திரும்ப உண்டாக்கிப் பார்ப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. பெயின்டர்கள் தரையில் விரிக்கிற வெள்ளைத் துணிகள் நகரம் முழுவதிலுமிருந்து வரவழைக்கப்பட்டன. விரிக்கிற வேலை இரு தரப்புக்கும் உரியது என்று ரேயையும் மார்னியையும் புல்வெளியில் இறக்கிவிட்டார்கள். ஜூன் வெயிலில், ஏரிக்காற்று தூக்கத் தூக்க, இருவரும் துணியின் எதிரெதிர் முனைகளைப் பிடித்து, புல்லெல்லாம் மறையும்வரை விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்று பார்த்துவிட்டு, “கல்யாணமா?” என்று கேட்டார். “விசாரணை,” என்றான் ரே. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்தார்.

உள்ளே உறுப்பினர்கள் கோட்டும் கழுத்துத்துணியும் அணிந்து நின்றார்கள். பனிக்காலம் பிசகில்லாமல் இருக்க வேண்டும் அல்லவா. சன்னல் வழியாகச் சேயரின் குரல் கேட்டது. “நீலம். சந்தேகமே இல்லை. குறிச்சுக்கங்க, நீலம்.”

துணிகளை மடிக்கும் நேரம் வந்தது. பெரிய துணியைத் தனியாள் மடிக்க முடியாது. இருவரும் முனைகளைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்து, ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் வாங்கி, குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் வேலை முடித்து, ஏதாவது பேசிக்கொண்டே, கண் பாராமல் அவர்கள் செய்த காரியம் அது. இப்போதும் கால்கள் தாமாக நடந்தன. கை எட்டும் தூரம் வந்தபோது லொரெய்ன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்து நடுவில் நின்றார். “தூரம், தூரம்” என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, மார்னியின் கையிலிருந்த முனைகளை வாங்கித் திரும்பி, ரேயின் கையில் கொடுத்தார். மார்னி வெறுங்கையோடு நின்றாள். காற்றில் நரைமயிர் முகத்தில் விழுந்தது. அவள் ரேயின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவன் முழங்காலைப் பார்த்தாள். பிறகு அடுத்த துணிக்குப் போனாள். கடைசித் துணி வரைக்கும் அப்படியேதான் மடித்தார்கள்.

அன்று சாயங்காலம் சேயர் அறிக்கை வாசித்தார்.

“வெளிச்சம்தான் காரணம்னு ஐயத்துக்கு இடமில்லாம நிரூபணமாயிடுச்சு. இந்த மன்றத்தோட சரித்திரத்துல ஒரு உண்மை இவ்வளவு தெளிவா வெளிய வந்தது இதுதான் முதல் தடவை. எல்லாருக்கும் பாராட்டு. ஆனா வெளிச்சம் நம்ம உறுப்பினர் இல்லை. உறுப்பினர் அல்லாதவங்க மேல நடவடிக்கை எடுக்க நமக்கு அதிகாரம் கிடையாது. அதனால உண்மையை ஒரு பக்கமா வச்சிட்டு விசாரணையைத் தொடரலாம்.”

கைதட்டினார்கள். தூணோரத்து உறுப்பினர் விழித்துக்கொண்டு, “யார் ஜெயிச்சது?” என்று கேட்டார்.

ரே லொரெய்னை ஓரமாக அழைத்துப் போனான். “மார்னிகிட்ட ஒண்ணு சொல்லணும். என் மேல எழுதிடச் சொல்லுங்க. யோசிக்காம எழுதச் சொல்லுங்க.”

மறுநாள் பதில் வந்தது. “முதல் தரப்பு இரண்டாம் தரப்பை மனம் திறக்க அழைப்பதாகத் தெரிவித்தேன். இரண்டாம் தரப்பு மறுக்கிறது. மேலும், முதல் தரப்பு மத்தியானம் உணவு உட்கொண்டதா என்ற கேள்வியை எழுப்புகிறது.”

“அவ சொன்னதை அவ வார்த்தையிலயே சொல்ல மாட்டீங்களா?”

“அன்பான சொல்லையெல்லாம் எடுத்துடணும், மிஸ்டர் டொம்பெக். விசாரணையைக் கெடுத்துடும். நீங்க கடிதமா எழுதினாலும் அப்படித்தான். திட்டி எழுதினா மட்டும் ஒரு எழுத்தையும் தொடமாட்டேன். திட்டு ஆதாரம். அது திட்டினவருக்குத்தான் எதிராப் போகும், வாங்கினவங்களுக்கு ஒரு பாதகமும் கிடையாது.” லொரெய்னின் குரல் கனிந்தது. “எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். எத்தனை உறவை நல்லபடியா முடிச்சு வச்சிருக்கோம் தெரியுமா?”

வெள்ளிக்கிழமை ரே, ஹெக்டர் மால்டொனாடோவோடு மீன் சாப்பிடப் போனான். ஹெக்டரும் பெயின்டர். பெரிய வீடுகளுக்கு இருவரும் சேர்ந்து போவார்கள். கடையில் கூட்டம். பொரித்த மீன் தட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“பேசாம நீ அவ மேல எழுதிட்டுப் போயேன்யா,” என்றான் ஹெக்டர். “அவ தப்பா எடுத்துக்க மாட்டா.”

“அவ எடுத்துக்க மாட்டா. முதியோர் இல்லத்துக்காரன் எடுத்துக்குவான்.”

“அப்ப அவளை எழுதச் சொல்லு.”

“சொன்னேன். சாப்டியான்னு கேக்கறா.”

ஹெக்டர் எலுமிச்சம்பழத்தை மீன்மேல் பிழிந்தான். “கோவம் வந்தா எழுதுவா. என் பொண்டாட்டி என் மேல எழுத உட்கார்ந்தா மன்றத்துல தாள் பத்தாது.”

“மார்னிக்குக் கோவம் வராதுய்யா. ஏணியிலேர்ந்து டப்பாவைத் தள்ளி அவ தலையில கொட்டியிருக்கேன். ‘நிறம் எனக்குப் பொருந்துதா’ன்னு கேட்டவ.”

“எல்லாருக்கும் வரும். எந்தச் சுவரா இருந்தாலும் பட்டி வச்சு மூடின இடம் ஒண்ணு இருக்கும். அங்க தட்டினா உதிரும்.”

ஹெக்டர் அதை விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு முட்டைக்கோசைக் கிளறினான். ரே முள்கரண்டியை வைத்துவிட்டான். அந்த இடம் எது என்று அவனுக்குத் தெரியும். உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிறு மத்தியானம் சமையல்கட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தான். டோனல் செத்த வருஷத்துப் பனிக்காலத்தில், ஏதோ ஒரு வீட்டு மாடியறையில், மார்னி வாளிமேல் உட்கார்ந்து இரண்டு சாம்பிள்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறிப்போயிற்று. “ரே, உண்மையச் சொல்லு. என் கண்ணு போயிடுச்சா? எல்லாமே சாம்பலாத் தெரியுது” என்றாள். “போயிருந்தா நான் பிரஷ்ஷைக் கழுவி வச்சிட்டு மீன் பிடிக்கப் போயிருப்பேன்” என்று அவன் சொன்னான். “நான் இன்னும் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்.” புருஷனைப் புதைத்த பிறகு அவள் முதல் தடவை சிரித்தது அன்றுதான். அவன் சொன்னது உண்மை. அன்றும் உண்மை, இன்றும் உண்மை. அந்த ஒரு சொல்லின்மேல்தான் அவள் திரும்பத் தொழிலுக்கு வந்தாள்.

முதல் தாளில் “அன்புள்ள மார்னி” என்று ஆரம்பித்துவிட்டான். பழக்கம். கிழித்தான். இரண்டாவது தாளில் வசை நன்றாகத்தான் வந்தது. கடைசி வரியில் உன் வீட்டுப் பின்படிக்கட்டில் பார்த்து இறங்கு, ஒரு பலகை ஆடுகிறது என்று எழுதியிருந்தான். அதையும் கிழித்தான். மூன்றாவதை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி எழுதினான்.

“மார்னி, ஆஸ்ட்லி வீட்டு நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான். உன்னைக் கேட்டது ஒப்புக்கு. டோனலோடு உன் கண்ணும் போய்விட்டது. நீ கேட்ட அன்று நான் சொன்னது பொய். அதன்பிறகு நீ சொன்ன எந்த நிறத்தையும் நான் அப்படியே அடித்ததில்லை. நீ போனபின் டப்பாவில் வேறு கலந்து அடித்தேன். திரும்பி வந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்றாய். ஹெக்டரும் நானும் சிரிப்போம். பாவம் என்று உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி முடியாது. ரே டொம்பெக்.”

எழுதியதை லொரெய்னின் கண்ணோடு ஒருமுறை படித்தான். எடுப்பதற்கு ஒரு சொல் இல்லை. மார்னியின் கண்ணோடு படிக்க ஆரம்பித்து, மூன்றாம் வரியில் நிறுத்திக்கொண்டான்.

தாளை மடித்து உறையில் போட்டான். மேலே மார்னி ஹாலொரன் என்று எழுதி, கீழே, நல்லுறவு அலுவலர் வழியாக என்று எழுதினான். ஒட்டும் ஓரத்தை நாவால் நனைத்து அழுத்தி, கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்த்தான். தபால்தலையை நேராக ஒட்டினான். தெருக்கோடிப் பெட்டிவரை நடக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டி கழுவிக்கொண்டே, “என்ன ரே, ஞாயித்துக்கிழமையும் வேலையா?” என்று கேட்டார். “ஒண்ணு பாக்கி இருந்துச்சு” என்றான்.

பெட்டியின் கைப்பிடியை இழுத்து உறையை உள்ளே வைத்து விட்டான். தகடு மூடிக்கொண்டது. உறை எங்காவது மாட்டிக்கொண்டிருக்குமோ என்று மறுபடியும் இழுத்துப் பார்த்தான். உள்ளே போயிருந்தது.